பன்னிரண்டு தோழிகள், பன்னிரண்டு அம்மாக்கள்

பன்னிரண்டு பேர். எல்லோரும் கல்யாணமாகாத பெண்கள். எல்லோரும் பிரபு வீட்டுப் பிள்ளைகள். செய்ய வேண்டிய வேலை என்னவோ ரொம்பச் சின்னது. கல்யாணப் பெண்ணின் கவுனுக்குப் பின்னால் தரையில் புரண்டுகொண்டு வரும் நீளத் துணியை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாதிரியார் நிற்கிற இடம் வரைக்கும் நடக்க வேண்டும். அப்புறம் பேசாமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

இதற்குப் போய் யாராவது மண்டையை உடைத்துக்கொள்வார்களா?

உடைத்துக்கொண்டார்கள். 1840 ஜனவரியில் லண்டனில் அதுதான் நடந்தது. பிப்ரவரி 10ம் தேதி விக்டோரியா மகாராணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜெர்மனியிலிருந்து வருகிறார். தோழிப்பெண்கள் யார் யார்? எந்தப் பிரபு வீட்டுக்கு அழைப்பு போயிருக்கிறது, எந்த வீட்டுக்குப் போகவில்லை? ராணியின் கட்சி ஆள்களுடைய பெண்கள் எத்தனை பேர், எதிர்க்கட்சிப் பெண்கள் யாராவது உண்டா? சீமான் வீட்டு வரவேற்பறைகளில் இதே பேச்சு. நாலு வருஷம் முன்னால்தான் பத்திரிகைகள்மீது போட்டிருந்த முத்திரை வரியை நாலு பென்ஸிலிருந்து ஒரு பென்னியாகக் குறைத்திருந்தார்கள். பத்திரிகை மலிந்தால் வம்பும் மலியும். அரண்மனைச் சங்கதி சமையலறை வரைக்கும் வந்துவிட்டது.

பொழுதுபோகாதவர்கள் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ராணிக்குப் பக்கத்தில் எந்தப் பெண் நிற்கிறாள் என்கிற இதே விவகாரத்தில், முந்தின வருஷம்தான் ஓர் உயிர் போயிருந்தது. ஓர் அரசாங்கம் பதவிக்கு வராமலேயே போயிருந்தது. எனவே நாம் முதலில் 1839க்குப் போயாக வேண்டும்.

அந்த வருஷம் ராணிக்கு வயது பத்தொன்பது. பட்டத்துக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. பிரதமர் மெல்போர்ன் பிரபு, விக் கட்சிக்காரர். (தலையில் வைத்துக்கொள்கிற விக் இல்லை. பிற்காலத்து லிபரல் கட்சிக்கு இவர்கள்தான் முன்னோடி.) எதிர்க்கட்சி, டோரி. அரசியல் பாடத்தை மெல்போர்னிடம்தான் ராணி கற்றுக்கொண்டார். தினமும் மணிக்கணக்கில் பேச்சு. அப்பாவைப் பார்த்தே அறியாத பெண்ணுக்கு அப்பா ஸ்தானத்தில் ஒரு பெரிய மனிதர் கிடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராணியைச் சுற்றியிருந்த சீமாட்டிகளும் அநேகமாக விக் தலைவர்களின் மனைவி, தங்கை, மகள் வகையறா.

ஒரே மாளிகையில் ராணியின் அம்மா, கென்ட் சீமாட்டி, தனியாக ஒரு கோஷ்டி வைத்திருந்தார். அம்மாவுக்கும் பெண்ணுக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை. காரணம், அம்மாவின் காரியங்களைக் கவனித்துக்கொண்டிருந்த ஜான் கான்ராய் என்கிற ஆசாமி. சின்ன வயதிலிருந்து தன்னைக் கூண்டுக்குள் வைத்து வளர்த்தவன் என்று அவர்மீது விக்டோரியாவுக்குத் தீராத வெறுப்பு. அம்மாவின் கோஷ்டியில் இன்னொருவர், லேடி ஃப்ளோரா ஹேஸ்டிங்ஸ். டோரி குடும்பம். இவருடைய அப்பாவை நம் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் நீங்கள் சந்தித்திருப்பீர்கள். 1813 முதல் பத்து வருஷம் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்து, நேபாளத்தோடும் பிண்டாரிகளோடும் மராட்டியரோடும் சண்டை போட்டாரே, அந்த ஹேஸ்டிங்ஸ் பிரபு.

1839 ஆரம்பத்தில் ஃப்ளோரா ஸ்காட்லாந்திலிருந்து லண்டன் திரும்பினார். கான்ராயும் அதே கோச் வண்டியில் வந்தார். வந்த கொஞ்ச நாளில் ஃப்ளோராவுக்கு வயிறு வீங்க ஆரம்பித்தது. வலி. வாந்தி. ராணியின் பக்கத்தில் இருந்த சீமாட்டிகள் கணக்குப் போட்டார்கள். ஒரு வண்டி, ஓர் ஆண், ஒரு பெண், ஒரு வயிறு. ராணியும் அந்தக் கணக்கை நம்பினார். கான்ராய்தான் காரணம் என்று டைரியில் எழுதியே வைத்தார்.

முப்பத்து மூன்று வயதுப் பெண். தான் நிரபராதி என்று நிரூபிக்க, பிப்ரவரி 17ம் தேதி இரண்டு டாக்டர்களின் பரிசோதனைக்கு உடன்பட வேண்டியிருந்தது. அவர் கன்னிப்பெண் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ராணி நேரில் மன்னிப்புக் கேட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். முடியவில்லை. ஃப்ளோராவின் மாமா, நடந்ததையெல்லாம் எழுதி 'எக்ஸாமினர்' பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். வதந்தி கிளப்பியவர்களைத் தண்டிக்கச் சொல்லி ஃப்ளோராவின் அம்மா மெல்போர்னுக்கு எழுதிய கடிதங்களும் பத்திரிகையில் வந்தன. தேசமே படித்தது. அரண்மனைக்குள் பிறந்த ஒரு கிசுகிசு சுற்றிச்சுற்றி வந்து, கடைசியில் ராணியின் தலையிலேயே உட்கார்ந்துகொண்டது.

இந்தச் சூட்டோடு மே மாதம் பிறந்தது. ஜமைக்கா சம்பந்தமான ஒரு மசோதாவில் மெல்போர்ன் அரசாங்கம் வெறும் ஐந்து ஓட்டு வித்தியாசத்தில் தப்பித்தது. இதற்கு மேல் ஆட்சி நடத்த முடியாதென்று மே 7ம் தேதி அவர் ராஜினாமா செய்துவிட்டார். ராணி கண்ணீர் விட்டு அழுதார். வேறு வழியில்லாமல் டோரி தலைவர் ராபர்ட் பீலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பீல் நல்ல நிர்வாகி. ஆனால் பழகத் தெரியாத மனிதர். கூச்சம். வந்து நின்று ஒரே ஒரு விஷயம் கேட்டார். உங்களைச் சுற்றியிருக்கிற சீமாட்டிகளில் சிலரை மாற்ற வேண்டும்.

என் பெண்களில் ஒருத்தரைக்கூட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார் ராணி.

இந்த இடத்தில் பீல் பக்கம் இருக்கிற நியாயத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவருக்கு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை கிடையாது. ராணியின் ஆதரவாவது இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால்தான் நாலு உறுப்பினர்கள் இந்தப் பக்கம் சாய்வார்கள். ராணியின் மனசு யார் பக்கம் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? அவர் அறிக்கை விடப்போவதில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பீலுக்கு அயர்லாந்துதான் பெரிய தலைவலி. ராணியின் சீமாட்டிகளில் ஒருவர், அதுவரை அயர்லாந்தை ஆண்டுவிட்டு வந்த விக் பிரபு நார்மன்பியின் மனைவி. இன்னொருவரான சதர்லாண்ட் சீமாட்டி, அயர்லாந்து விவகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த மார்பெத் பிரபுவின் தங்கை. பிரதமர் பகலில் ஒரு முடிவெடுத்துச் சொல்லிவிட்டுப் போவாராம், ராத்திரி சாப்பாட்டு மேஜையில் எதிர்க்கட்சிக்காரரின் வீட்டம்மா ராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். உங்களுக்கே நெருடவில்லையா?

முன்னுதாரணமும் சரியாக இல்லை. ராஜாவின் மனைவியாக மட்டும் இருக்கிற ராணிக்கு யார் தோழி என்பதில் மந்திரிகள் தலையிடுவதில்லை. தானே ஆள்கிற ராணி என்றால், கடைசியாக இருந்தவர் ஆன். அவர் செத்து 125 வருஷம் ஆகியிருந்தது. ஆன் ராணியின் தோழியாக இருந்து அரசாங்கத்தையே ஆட்டிவைத்த மார்ல்பரோ சீமாட்டியின் கதையும், அவரை ஓரங்கட்டிவிட்டு அந்த இடத்துக்கு வந்த அபிகைல் மாஷமின் கதையும் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

பீல் பிடிவாதம், ராணி பிடிவாதம். மே 10ம் தேதி பீல் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். மெல்போர்ன் மறுபடியும் பிரதமர். சரித்திரத்தில் இதற்குப் 'படுக்கையறை நெருக்கடி' என்று பெயர். சிரிக்காதீர்கள். ராணியின் அந்தரங்கத் தோழிகளின் பதவிப் பெயரே படுக்கையறைச் சீமாட்டி என்பதுதான்.

ஜூன் மாதம் ஆஸ்காட் குதிரைப் பந்தயத்துக்கு ராணி போனபோது கூட்டத்திலிருந்து சீறல் சத்தம் கேட்டது. "மிஸஸ் மெல்போர்ன்" என்று யாரோ கத்தினார்கள். கத்தியவர்கள் தெருவில் போகிற ஆள்களல்ல, டோரி வீட்டுச் சீமாட்டிகள் என்று பேச்சு. ஜூலை 5ம் தேதி அதிகாலை, பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே ஃப்ளோரா செத்துப்போனார். உடலை அறுத்துப் பார்த்தார்கள். வீக்கத்துக்குக் காரணம் கல்லீரல் நோய்.

ஆக, அரண்மனைப் பெண்களைப் பற்றிய பேச்சு ஓர் ஆளைக் கொல்லாவிட்டாலும், சாகும்வரை நிம்மதியில்லாமல் அடிக்கும் என்று ஊர் பார்த்துவிட்டது. அதே பேச்சு பிரதமர் நாற்காலியையும் தட்டிவிடும் என்றும் பார்த்துவிட்டது. இந்த அனுபவத்தோடுதான் லண்டன் ராணியின் கல்யாணத்துக்குக் காத்திருந்தது.

அக்டோபர் 15ம் தேதி விண்ட்சர் கோட்டையில், மாமா பையன் ஆல்பர்ட்டிடம் ராணிதான் தன் விருப்பத்தைச் சொன்னார். ஆளும் ராணியிடம் போய் இன்னொருவர் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று கேட்க முடியாதே. நவம்பர் 23ம் தேதி ஊருக்கு அறிவித்தார்கள். உடனே ஆரம்பித்தது ரகளை. மாப்பிள்ளை புராட்டஸ்டன்ட் என்று அறிவிப்பில் ஒரு வார்த்தை இல்லையே, கத்தோலிக்கரோ என்று ஒரு சந்தேகம். அப்புறம் பணம். நான் பி.காம். படித்தவன், எனக்கு இதுதான் முதலில் கண்ணில் பட்டது. வருஷத்துக்கு 50 ஆயிரம் பவுண்ட் கொடுக்கலாம் என்றது அரசாங்கம். இதற்கு முன்னால் இப்படிக் கல்யாணம் செய்துகொண்டு வந்த லியோபோல்டுக்குக் கொடுத்த அதே தொகை. சிப்தார்ப் என்கிற டோரி உறுப்பினர் எழுந்து, 30 ஆயிரம் போதும் என்றார். ஓட்டெடுப்பில் அவர்தான் ஜெயித்தார். தாலி கட்டுவதற்கு முன்பே நாற்பது சதவிகிதம் கட்.

ராணிக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என் கல்யாணத்துக்கு என்மேல் பிரியமுள்ளவர்கள் மட்டும் வந்தால் போதும், டோரிகள் வேண்டாம் என்று அடம்பிடித்தார். முன்னூறு பேர் போலக் கூடிய சபையில் டோரிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வாட்டர்லூவில் நெப்போலியனை ஜெயித்த வெலிங்டனுக்கே அழைப்பு வைக்கத் தயாராக இல்லை. மெல்போர்ன் கெஞ்சித்தான் அவர் பெயர் சேர்ந்தது. அதுவும் சடங்குக்கு மட்டும். விருந்துக்குக் கிடையாது.

இதையெல்லாம் பார்த்த ஜனங்கள், பன்னிரண்டு தோழிகளும் விக் வீட்டுப் பெண்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்ததில் தப்பே கிடையாது. ஆனால் அரண்மனைக்குள் நடந்துகொண்டிருந்த சண்டை வேறு.

ஆல்பர்ட் ஜெர்மனியில் இருந்தபடி கடிதம் எழுதினார். என்னுடைய காரியதரிசிகளை இரண்டு கட்சியிலிருந்தும் எடுக்க வேண்டும், எனக்குக் கட்சி வேண்டாம். ராணி மறுத்துவிட்டார். மெல்போர்னின் காரியதரிசி ஜார்ஜ் ஆன்சனைத் தூக்கி ஆல்பர்ட்டுக்குக் காரியதரிசியாக்கினார். இருபது வயதுப் பையன், யாரென்றே தெரியாத ஆளோடு குடித்தனம் தொடங்க வேண்டும். அதை விழுங்கிக்கொண்டு ஆல்பர்ட் இன்னொன்று கேட்டார். தோழிப்பெண்களாக வருகிறவர்களின் அம்மாக்கள் அப்பழுக்கில்லாதவர்களாக இருக்க வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாக்கள்.

ஏன் அம்மாக்கள்? ஆல்பர்ட்டின் அப்பா ஊரறிந்த பெண்பித்தர். அவருடைய அம்மா லூயிஸ், 1824ல் அரண்மனையை விட்டு வெளியேற்றப்பட்டார். பிறகு விவாகரத்து. 1831ல் பாரிஸில் இறந்துபோனார். அம்மா போனபோது ஆல்பர்ட்டுக்கு வயது ஐந்து. அதற்குப் பிறகு அவர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. பெரியவர்களின் ஒழுக்கக்கேட்டுக்குப் பிள்ளைகள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிடிவாதக்காரர், இறுக்கமானவர் என்று பிற்காலத்தில் அவரைக் கேலி செய்தவர்கள் இதை யோசித்த மாதிரி தெரியவில்லை. அதே சமயம், அம்மாவின் தப்புக்குப் பெண்ணை வரிசையிலிருந்து நீக்கச் சொல்வது என்ன நியாயம் என்று நீங்கள் கேட்டால், என்னிடம் பதில் கிடையாது.

கோரிக்கை மெல்போர்னிடம் வந்தது. யாரிடம் வருகிறது பாருங்கள்! அவருடைய மனைவி கரோலின், கவிஞர் பைரனோடு பகிரங்கமாகச் சுற்றி ஊரைச் சிரிக்க வைத்தவர். மெல்போர்ன்மீதே 1836ல், அதாவது பிரதமராக இருக்கும்போதே, அடுத்தவர் மனைவியோடு தொடர்பு என்று அந்தப் பெண்ணின் கணவர் வழக்குப் போட்டு, ஜூரிகள் தள்ளுபடி செய்திருந்தார்கள். ஒழுக்கமெல்லாம் சாதாரண ஜனங்களுக்குப் பார்க்க வேண்டியது, பிரபு வம்சத்துக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது என்கிற தோரணையில் அவர் பதில் சொன்னார். ராணியும் அதையே பிடித்துக்கொண்டார்.

பட்டியல் வந்தது. கொஞ்சம் ஆடிட் செய்து பார்க்கலாமா?

லேடி அடிலெய்ட் பாஜெட். வாட்டர்லூவில் ஒரு காலை இழந்த ஆங்கிள்ஸி பிரபுவின் மகள். அம்மா ஷார்லட், முதலில் வெலிங்டனின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர். 1809ல் கணவனையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு, ஏற்கெனவே மனைவி மக்களோடு இருந்த இந்தப் பிரபுவோடு ஓடிப்போனார். ஷார்லட்டின் சகோதரர் பிரபுவைத் துப்பாக்கிச் சண்டைக்குக் கூப்பிட்டு, குறி தவறி இரண்டு பேரும் பிழைத்த கதையெல்லாம் உண்டு. அந்தத் தம்பதியின் பெண்தான் இவர். கல்யாணத்துக்கு வந்த வெலிங்டன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாரோ!

லேடி ஃப்ரான்சிஸ் கௌப்பர். மெல்போர்னின் தங்கை எமிலியின் பெண். கணவர் கௌப்பர் பிரபு உயிரோடு இருந்த காலத்திலேயே எமிலிக்கும் வெளியுறவு மந்திரி பாமர்ஸ்டனுக்கும் இருந்த நெருக்கம் லண்டனுக்கே தெரியும். கௌப்பர் இறந்தபிறகு, 1839 டிசம்பரில்தான் இரண்டு பேரும் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டார்கள். ராணி கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால்.

லேடி ஐடா ஹே. அம்மாவின் நடத்தையில் குறையில்லை. ஆனால் அம்மாவின் பிறப்பு? விக்டோரியாவுக்கு முன்னால் ராஜாவாக இருந்த நான்காம் வில்லியத்துக்கும், டொரோதியா ஜோர்டான் என்கிற நாடக நடிகைக்கும் கல்யாணமில்லாமல் பிறந்த பத்துப் பிள்ளைகளில் ஒருவர். லேடி சாரா வில்லியர்ஸ் வீட்டில் ஒரு தலைமுறை தள்ளிப் பார்க்க வேண்டும். அப்பாவைப் பெற்ற பாட்டி, நான்காம் ஜார்ஜ் இளவரசராக இருந்த காலத்தில் அவருடைய ஆசைநாயகி.

போதும், நிறுத்திக்கொள்கிறேன். ஆல்பர்ட் தோற்றுப்போனார் என்று இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஊர் தேடிய கட்சிக் கணக்கு என்ன ஆயிற்று? அங்கேயும் ஆச்சரியம்தான். சாரா வில்லியர்ஸின் அப்பா ஜெர்ஸி பிரபு, டோரி. எலிசபெத் வெஸ்ட்டின் அப்பா டி லா வார் பிரபு, டோரி. பீல் 1841ல் ஆட்சிக்கு வந்தபோது இரண்டு பேருக்குமே அரண்மனைப் பதவி கொடுத்தார். மேரி கிரிம்ஸ்டனும் வில்ஹெல்மினா ஸ்டான்ஹோப்பும் டோரி வீட்டுப் பெண்கள்தான். டோரி முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்ற ராணி, தன் கவுன் துணியைப் பிடிக்க டோரி வீட்டுப் பெண்களைச் சேர்த்திருந்தார். மெல்போர்ன் சொல்லியா, சின்ன வயது சிநேகமா, அல்லது பிரபு வீடுகளில் தோதான வயதுப் பெண்கள் அவ்வளவுதான் கிடைத்தார்களா? எதுவானாலும், பட்டியலை வைத்து ராணியின் அரசியலைப் படிக்க நினைத்தவர்களுக்குப் பாதிதான் விடை கிடைத்தது.

பிப்ரவரி 10. காலையில் மழையும் காற்றும். செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் சின்னத் தேவாலயம். ராணி வெள்ளை சாட்டின் உடையில் வந்தார். தோழிப்பெண்களுக்கும் வெள்ளை உடை, வெள்ளை ரோஜா. உடை எப்படி இருக்க வேண்டும் என்று ராணியே படம் வரைந்து கொடுத்திருந்தார். ஆளுக்கொரு கழுகு வடிவ புரூச் பரிசு. உடம்பெல்லாம் நீலப்பச்சைக் கல், கண்ணுக்கு மாணிக்கம், அலகுக்கு வைரம், காலடியில் முத்து. வடிவமைத்தவர் ஆல்பர்ட். பட்டியலில் தோற்ற மனிதர், பட்டியலில் இருந்த பெண்களுக்கு நகை வரைந்து கொடுத்திருக்கிறார்!

இத்தனை மாதப் பேச்சுக்கும் பிறகு, அந்தப் பன்னிரண்டு பேரால் அந்த ஒரே வேலையைச் சரியாகச் செய்ய முடிந்ததா? முடியவில்லை. துணியின் நீளம் போதவில்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்து பிடிக்க இடமில்லாமல், ஒருத்தர் குதிகாலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு, முன்னால் போகிறவரின் கவுன்மேல் கால் வைத்துக்கொண்டு, முட்டி மோதிப் போய்ச் சேர்ந்தார்கள். வில்ஹெல்மினா ஸ்டான்ஹோப்தான் இதை எழுதிவைத்தார்.

ஆல்பர்ட் அவசரப்படவில்லை. 1841ல் பீல் ஆட்சிக்கு வருவார் என்று தெரிந்ததும், தனக்குப் பிடிக்காமல் தலையில் கட்டப்பட்ட அதே ஆன்சனைத் தூது அனுப்பினார். சத்தமில்லாமல் பேசி முடித்தார்கள். சதர்லாண்ட் சீமாட்டி, நார்மன்பி சீமாட்டி, பெட்ஃபோர்டு சீமாட்டி மூன்று பேரும் தாங்களாகவே விலகிக்கொண்டார்கள். மூன்றாவது ஆளைத் தெரிகிறதா? சாயங்கால டீ குடிக்கிற வழக்கத்தை இங்கிலாந்தில் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுகிறவர். ஃப்ளோரா விவகாரத்தின்போது அவருக்கு டாவிஸ்டாக் சீமாட்டி என்று பெயர். வயிற்றைப் பார்த்துக் கணக்குப் போட்ட கும்பலில் முன்வரிசை. நெருக்கடியே வரவில்லை. நாளாக ஆக, விவாகரத்தான பெண்களுக்கு அரண்மனைக் கதவு அடைபட்டது. 1840ல் தோற்ற கோரிக்கை பிறகு சட்டம் மாதிரியே ஆகிவிட்டது. பீலிடம் தான் நடந்துகொண்டது தப்பு, அப்போது தனக்கு வயது போதாது என்று 1897ல், கிழவியான பிறகு, ராணியே ஒப்புக்கொண்டார்.

அந்த வில்ஹெல்மினாவுக்கு 1843ல் கல்யாணம் ஆயிற்று. 1847ல் ஒரு பையன் பிறந்தான். 1894 மார்ச் மாதம் கிளாட்ஸ்டன் பிரதமர் பதவியிலிருந்து விலகியபோது, அடுத்தது யார் என்று லண்டன் முழுக்க மறுபடியும் ஊகம். கிளாட்ஸ்டனிடம் ஒரு வார்த்தை யோசனைகூடக் கேட்காமல், எழுபத்து நாலு வயது விக்டோரியா தானாகவே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார். ரோஸ்பரி பிரபு. துணி நீளம் போதவில்லை என்று எழுதிவைத்த அந்தத் தோழிப்பெண்ணின் மகன்.